உஷார்! உங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் வெளியாள் இருக்கிறாரா?

கையில் இருக்கும் ஃபோனில் உங்கள் அபார்ட்மென்ட் குரூப்பைத் திறங்கள். மேலே இருக்கும் குரூப் பெயரைத் தொடுங்கள். உறுப்பினர் பட்டியல் வரும். மேலிருந்து கீழ் வரை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள்.

அத்தனை பேரும் யார் என்று உங்களுக்குத் தெரியுமா?

தெரியாது. பாதிப் பேருக்குப் பெயர்கூட இருக்காது, வெறும் நம்பர்தான். முகத்துக்குப் பதில் ஒரு ரோஜாப்பூ, ஒரு முருகர் படம், அல்லது ஒன்றுமே இல்லாத சாம்பல் நிற வட்டம். "சி பிளாக்ல யாராவது இருக்கும்" என்று நாமும் விட்டுவிடுகிறோம். அவர் சி பிளாக்கே இல்லை, உங்கள் ஊரே இல்லை என்றால்?

பயமுறுத்துகிறேன் என்று நினைக்காதீர்கள். பயப்பட வேண்டிய விஷயம்தான் இது.

சென்னைப் புறநகரில் ஒரு குடியிருப்பு. பெயர் வேண்டாம். நூற்றுச் சொச்சம் வீடுகள். சங்கம் உண்டு, செயலாளர், பொருளாளர் உண்டு, எல்லோருக்கும் பொதுவாக ஒரு வாட்ஸ்அப் குரூப்பும் உண்டு. புதிதாகக் குடிவருகிறவர்கள் தாங்களே சேர்ந்துகொள்ளட்டும் என்று குரூப்பின் இன்வைட் லிங்க்கை லிஃப்ட் பக்கத்தில் ஒட்டியிருந்தார்கள். போதாததற்கு அந்த ஏரியாவின் ஃபேஸ்புக் பக்கத்திலும் யாரோ நல்ல மனதோடு போட்டுவைத்திருந்தார்கள்.

இத்தனைக்கும் அந்தக் குடியிருப்பின் கேட்டில் இரண்டு வாட்ச்மேன்கள். பார்சல் கொண்டுவரும் பையனைக்கூட நோட்டில் பெயர், நேரம், வண்டி நம்பர் எழுதவைத்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். அவனுக்கு நோட்டு. லிங்க் வழியாக வருகிறவனுக்கு ஒன்றும் இல்லை.

ஒரு நாள் மாலை ஒரு புது நம்பர் உள்ளே வந்தது. இன்வைட் லிங்க் மூலம் சேர்ந்தார் என்று குட்டியாகச் சாம்பல் நிறத்தில் ஒரு வரி. அன்றைக்குத் தண்ணீர் லாரி வரவில்லை என்று குரூப்பில் பெரிய சண்டை. அந்த வரியை யார் கவனித்திருப்பார்கள்?

வந்தவர் பேசவில்லை. குட் மார்னிங்கூட சொல்லவில்லை. வாரக்கணக்கில் படித்துக்கொண்டே இருந்தார்.

என்ன படித்தார்? மெயின்டனன்ஸ் மாதம் 3,200 ரூபாய். ஐந்தாம் தேதிக்குள் கட்ட வேண்டும். வசூலிப்பவர் பொருளாளர். அவர் பெயர், அவர் முகம், அவர் செய்தி எழுதும் பாணி எல்லாம் குரூப்பிலேயே இருந்தன. லிஃப்ட் பழுது, அதற்குத் தனி வசூல் வரப்போகிறது என்ற பேச்சும் இருந்தது. கடைசியாக, பொருளாளரே போட்ட ஒரு செய்தி: குடும்பத்தோடு காசிக்குக் கிளம்புகிறேன், அவசரம் என்றால் மட்டும் அழையுங்கள்.

அவ்வளவு போதும்.

பொருளாளர் ரயில் ஏறிய மறுநாள் காலை, அந்த நம்பரின் படம் பொருளாளரின் படமாக மாறியது. பெயரும் மாறியது. பிறகு ஒரு செய்தி வந்தது. சங்கத்தின் பழைய வங்கிக் கணக்கில் கேஒய்சி பிரச்சினை, இந்த மாதத் தொகையைக் கீழே உள்ள க்யூஆர் கோடுக்கு அனுப்பவும். பணம் கட்டிய ஸ்க்ரீன்ஷாட்டை எனக்குத் தனியாக அனுப்பினால் போதும், குரூப்பில் போட வேண்டாம், மற்றவர்களுக்குத் தொந்தரவு.

எவ்வளவு மரியாதை பாருங்கள்! குரூப்பில் போட வேண்டாமாம்.

முதலில் பணம் அனுப்பியது ஓய்வுபெற்ற ஒரு டீச்சரம்மா. எந்த மாதமும் முதல் ஆளாகக் கட்டுகிறவர். ஸ்க்ரீன்ஷாட்டைத் தனியாக அனுப்பினார். உடனே பதில் வந்தது: "நன்றிம்மா. லிஃப்ட் வேலைக்கான தொகையையும் இன்னைக்கே கட்டிட்டீங்கன்னா 10 சதவீதம் குறைவு. நாளைக்கு முழுசா கட்டணும்." அவர் 25,000 ரூபாய் அனுப்பினார். அவரைப் போல இன்னும் சில வீடுகள்.

மத்தியானம் மூன்றாவது மாடியில் ஒருவர் க்யூஆரை ஸ்கேன் செய்தபோது, சங்கத்தின் பெயர் வர வேண்டிய இடத்தில் யாரோ ஒரு தனி மனிதரின் பெயர் வந்தது. வடக்கத்திப் பெயர். விரல் நின்றது. பொருளாளரை அழைத்தார். ரயிலில் சிக்னல் இல்லை. நாலைந்து முறை அடித்த பிறகு எடுத்தார்.

"சார், புது க்யூஆர் கோடுன்னு போட்டிருந்தீங்களே..."

"நான் எங்க சார் போட்டேன்? நான் இப்போதான் எழுந்தேன்!"

முடிந்தது கதை.

இதில் ஒரு சின்ன விஷயத்தை உங்கள் கண்முன் கொண்டுவந்து காட்ட வேண்டும். வாட்ஸ்அப் குரூப்பில் உங்கள் ஃபோனில் சேமிக்காத ஒருவர் செய்தி போட்டால், அவர் பெயருக்கு முன்னால் புழு மாதிரி ஒரு வளைகோடு வரும். இப்படி: ~. அதற்கு என்ன அர்த்தம் தெரியுமா? 'இது இவர் தானே வைத்துக்கொண்ட பெயர், உங்கள் ஃபோனில் இருக்கும் பெயர் இல்லை' என்று அர்த்தம். யார் வேண்டுமானாலும் எந்தப் பெயரையும் வைத்துக்கொள்ளலாம். உங்கள் பொருளாளர் பெயரை வைக்கலாம். உங்கள் பெயரையே வைக்கலாம்.

அப்படியானால் டீச்சரம்மா அந்த வளைகோட்டைப் பார்த்திருக்கலாமே என்கிறீர்களா? பார்த்தார். ஆனால் அவர் உண்மையான பொருளாளரின் நம்பரையும் சேமித்து வைத்திருக்கவில்லை. அவருக்கு நிஜப் பொருளாளரும் வளைகோடு, போலிப் பொருளாளரும் வளைகோடு. இரண்டும் ஒரே படம், ஒரே பெயர். எப்படிக் கண்டுபிடிப்பார்?

பணம் போனதைவிட அவருக்கு வலித்தது வேறு. வெளிநாட்டில் இருக்கும் மகன் ஃபோனில் கத்தினாராம், "இதுகூடத் தெரியாதாம்மா உனக்கு?" என்று. அன்றிலிருந்து அந்த அம்மா கரண்ட் பில்கூடத் தானாகக் கட்டுவதில்லை. முப்பது வருடம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். அந்த மகனிடம் ஒன்று கேட்கத் தோன்றுகிறது: தம்பி, அந்தக் குரூப்பில் நீங்களும்தானே இருந்தீர்கள்? பட்டியலை நீங்கள் என்றைக்காவது பார்த்தீர்களா?

வீட்டுப் பெரியவர்கள் ஏமாந்தால் தயவுசெய்து திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை ஏமாந்ததை உங்களிடம் சொல்ல மாட்டார்கள். சொல்லத் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் பணம் கைமாறிக்கொண்டே போகும்.

இப்போது கொஞ்சம் யோசியுங்கள். இதே க்யூஆர் கோடு தெரியாத ஒரு நம்பரிலிருந்து உங்களுக்குத் தனியாக வந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? பிளாக் செய்திருப்பீர்கள். குரூப்பில் வந்ததால் நம்பினீர்கள். 'நம்ம குரூப்ல வந்ததுப்பா!' இந்த ஒரு வாக்கியம்தான் திருடனுக்கு மூலதனம். அவன் உங்கள் நம்பிக்கையைச் சம்பாதிக்கத் தேவையில்லை. குரூப்பில் இருக்கும் நூறு நல்லவர்கள் வருடக்கணக்கில் சம்பாதித்து வைத்த நம்பிக்கையை இரவலாக வாங்கிக்கொள்கிறான்.

வெளியாள் போடும் செய்திக்கும் உள்ளாள் போடும் செய்திக்கும் குரூப்பில் ஒரே மரியாதை. ஆபத்து அங்கேதான்.

அட்மின் பார்த்துக்கொள்வார் என்று இருக்கிறீர்களா? அட்மினால் ஒரு செய்தியைப் போடுவதற்கு முன்பே பார்த்து, சரி என்றால் விடு, தப்பு என்றால் நிறுத்து என்று செய்ய முடியாது. வாட்ஸ்அப்பில் அந்த வசதி கிடையாது. போட்ட பிறகு அழிக்கலாம். அந்த வசதிகூட 2022இல்தான் வந்தது. அதற்குள் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள், எத்தனை பேர் பணம் கட்டியிருப்பார்கள்? ஆகவே காவல் போட வேண்டிய இடம் செய்தி இல்லை, வாசல். யார் உள்ளே வருகிறார்கள் என்பதைப் பார்த்தே ஆக வேண்டும்.

அந்த வாசல்தான் இன்வைட் லிங்க். அது யார் கையில் கிடைத்தாலும் சாவி. யாராவது ஃபேஸ்புக்கில், டெலிகிராமில், வெப்சைட்டில் போட்டுவிட்டால் உலகத்துக்கே சாவி. 2020 பிப்ரவரியில் என்ன நடந்தது தெரியுமா? லட்சக்கணக்கான வாட்ஸ்அப் குரூப் லிங்க்குகள் கூகுள் தேடலில் வரிசையாக வந்து நின்றன. தனிப்பட்ட குரூப்புகளும் அதில் இருந்தன. யாரும் எதையும் ஹேக் செய்யவில்லை. பொது இடங்களில் மக்கள் தாங்களே போட்டுவைத்த லிங்க்குகள்தான் தேடலில் மாட்டின. பிறகு அதைத் தடுத்தார்கள். ஆனால் லிங்க்கைப் பொது இடத்தில் போடும் நம் பழக்கத்தை யார் தடுப்பது?

நீங்கள் ரீசெட் செய்தால் ஒழிய பழைய லிங்க் செத்துவிட்டது என்று நம்பாதீர்கள். மூன்று வருடம் முன்பு நோட்டீஸில் அச்சடித்த லிங்க் இன்றைக்கும் கதவைத் திறக்கலாம்.

உள்ளே வந்தவருக்கு முதல் நாளே கிடைக்கும் பரிசு என்ன? உறுப்பினர் பட்டியல். அத்தனை பேரின் மொபைல் நம்பர். அவரை ஐந்தே நிமிடத்தில் வெளியேற்றினாலும் நம்பர்கள் அவர் கையில். பல பேர் இதை நினைத்தே பார்ப்பதில்லை.

அபார்ட்மென்ட் மட்டும் என்று நினைக்காதீர்கள். உங்கள் குழந்தையின் வகுப்புப் பெற்றோர் குரூப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்கூல் வேன் எத்தனை மணிக்கு எந்தத் தெருமுனையில் நிற்கும், இன்றைக்கு வேன் வராது, யார் பிள்ளையை யார் கூட்டிப்போகிறார்கள், ஆண்டு விழாவில் பாவாடை சட்டையில் எடுத்த படம்... எல்லாம் அங்கே கொட்டிக் கிடக்கிறது. அதில் யாருடைய அப்பா என்றே தெரியாத ஒரு நம்பர் உட்கார்ந்திருந்தால்? எனக்கு இதை எழுதும்போதே வயிற்றைக் கலக்குகிறது. பணம் போனால் சம்பாதிக்கலாம்.

குலதெய்வக் கோயில் கும்பாபிஷேகக் குரூப் இன்னொன்று. திருப்பணி நோட்டீஸிலேயே லிங்க்கை அச்சடித்து ஊர் ஊராக அனுப்புகிறார்கள். பெங்களூரிலும் துபாயிலும் இருக்கும் பங்காளிகள் எல்லாம் சேர்கிறார்கள். ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. நன்கொடைக்கான க்யூஆர் கோடு என்று யார் போட்டாலும், சாமி காரியம் என்று கண்ணில் ஒற்றிக்கொண்டு அனுப்பிவிடுவோம். கோயில் காரியத்தில் கணக்குக் கேட்பதே பாவம் என்று நினைக்கிறவர்கள் நாம். திருடனுக்கு இதைவிட வசதியான இடம் எது?

அடுத்தது இன்னும் மோசம். இதைக் கவனமாகப் படியுங்கள்.

உறுப்பினரின் நம்பரிலிருந்தே வெளியாள் பேசுவான்.

எப்படி? ஒரு நாள் உங்கள் ஃபோனுக்கு ஆறு இலக்கக் குறியீடு ஒன்று எஸ்எம்எஸ்ஸில் வரும். அடுத்த நிமிடம் தெரிந்த ஒருவரின் நம்பரிலிருந்தே செய்தி வரும்: "அக்கா, தப்பா உங்க நம்பருக்கு ஒரு கோடு வந்திருக்கும், கொஞ்சம் அனுப்புங்களேன்." அக்கா அனுப்பினால் தீர்ந்தது. அது வாட்ஸ்அப்பை வேறு ஃபோனில் திறக்கும் குறியீடு. அக்காவின் கணக்கு இப்போது அவன் கையில். அக்கா இருக்கும் அத்தனை குரூப்பிலும் அவன்தான் அக்கா. அவர் பெயர், அவர் படம், அவர் நம்பர். அந்த நம்பரைச் சேமித்தவர்களுக்கு வளைகோடும் வராது. "ஆஸ்பத்திரியில் இருக்கேன், அவசரமா பத்தாயிரம் வேணும், சாயங்காலம் தந்துடறேன்" என்று கேட்டால் நாம் கொடுப்போமா, மாட்டோமா? கொடுப்போம். அதுதான் நம் குணம்.

அதே கணக்கிலிருந்து கல்யாணப் பத்திரிகையும் வரும். 'எங்கள் இல்லத் திருமண விழா, அவசியம் வாருங்கள்.' தொட்டுத் திறந்தால் படம் வராது. ஏதோ ஒரு ஆப்பை நிறுவட்டுமா என்று ஃபோன் கேட்கும். பத்திரிகையைப் பார்க்கும் ஆசையில் சரி, சரி, சரி என்று தட்டுவோம். எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும். அதற்கும் சரி. இனி உங்கள் வங்கி அனுப்பும் ஓடிபி உங்களுக்கு வருமுன் அவனுக்குத் தெரியும். டிராஃபிக் அபராதம், கரண்ட் பில் பாக்கி, பிஎம் கிசான் தொகை, வங்கி கேஒய்சி என்று பெயர் மட்டும் மாறும். ஃபைலின் வால் மாறாது. பெயரின் கடைசியில் பாருங்கள்: டாட் ஏபிகே.

கல்யாணப் பத்திரிகை படமாக வரும், பிடிஎஃப்பாக வரும், வீடியோவாக வரும். ஏபிகே என்று முடிந்தால் அது பத்திரிகை இல்லை. சொந்த அண்ணன் நம்பரிலிருந்து வந்தாலும் தொடாதீர்கள். அண்ணனை அழைத்துக் கேளுங்கள். ஃபோனில் குரலைக் கேளுங்கள்.

சரி, ஆபத்து வந்திருக்கிறது என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது? சில அறிகுறிகள் சொல்கிறேன். வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள்.

சேர்ந்து நாளாகியும் பேசாத புது நம்பர். எந்த வீடு என்று கேட்டால் பதில் இல்லை. அல்லது "புதுசா வந்திருக்கோம்" என்று மொட்டையாக ஒரு பதில். கதவு எண் கேளுங்கள். கேட்பதில் ஒரு அவமரியாதையும் இல்லை.

பணம் கட்டும் வழி திடீரென்று மாறுவது. புது க்யூஆர், புது யுபிஐ ஐடி, புது கணக்கு. அதுவும் மாதத்தின் முதல் வாரத்தில். வழி மாறினால் ஒரு பைசாகூட அனுப்பாதீர்கள். பழைய நம்பரில் பொறுப்பாளரை அழைத்துக் குரல் கேட்ட பிறகுதான். அனுப்பும் முன் யுபிஐ திரையில் வரும் பெயரைப் படியுங்கள். வங்கிக் கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அந்தப் பெயர் அங்கே வரும். அதை அவனால் மாற்ற முடியாது. மூன்றாவது மாடிக்காரரைக் காப்பாற்றியது அந்த ஒரு வரிதான்.

'குரூப்பில் போட வேண்டாம், தனியாகப் பேசலாம்.' நல்ல காரியத்துக்கு எதற்கு ஒளிவு?

அவசரம். இன்றே, இப்போதே, இரவு 9.30க்குள். கரண்ட் கட் ஆகிவிடும் என்று மிரட்டும் எஸ்எம்எஸ் நினைவிருக்கிறதா? அதே வித்தை.

அட்மின் பெயரில் பேசுகிறார், ஆனால் அட்மின் இல்லை. உறுப்பினர் பட்டியலில் உண்மையான அட்மின் பெயருக்குப் பக்கத்தில் 'குரூப் அட்மின்' என்று சின்னதாக எழுதியிருக்கும். அதைப் படத்தை மாற்றியோ பெயரை மாற்றியோ வாங்க முடியாது.

நாட்டுக் குறியீடே வேறு. +91 இல்லாத நம்பர். வெளிநாட்டில் உங்கள் பிள்ளைகளே இருக்கலாம், அது வேறு. யாருடைய பிள்ளை என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு நேர் எதிரான வலையும் உண்டு. நீங்கள் கேட்காமலே உங்களை ஒரு குரூப்பில் சேர்த்துவிடுவார்கள். ஷேர் மார்க்கெட் டிப்ஸ், வீட்டிலிருந்தே வேலை, ஹோட்டலுக்கு ரேட்டிங் போட்டால் காசு. உள்ளே நூறு பேர் தினமும் "எனக்கு ஐம்பதாயிரம் வந்துவிட்டது, நன்றி சார்" என்று எழுதுவார்கள். அந்த நூறு பேரில் பெரும்பாலோர் அவன் ஆட்கள். அங்கே நீங்கள்தான் வெளியாள்! போலி டிரேடிங் குரூப்புகள் பற்றி பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி திரும்பத் திரும்ப எச்சரித்தாகிவிட்டது. உங்களைக் கண்டவர்கள் சேர்க்காமல் தடுக்க 2019 முதலே வழி இருக்கிறது. வாட்ஸ்அப் செட்டிங்ஸ், பிரைவசி, குரூப்ஸ். அங்கே 'மை கான்டாக்ட்ஸ்' என்று மாற்றுங்கள். அரை நிமிட வேலை.

குரூப் அட்மின்களே, இனி உங்களிடம் பேசுகிறேன். சம்பளம் இல்லாத வேலை, திட்டு மட்டும் மிச்சம், தெரியும். ஆனாலும் செய்யுங்கள்.

பழைய லிங்க்கை ரீசெட் செய்யுங்கள். நோட்டீஸ் போர்டு, லிஃப்ட், ஃபேஸ்புக் எங்கே ஒட்டியிருந்தாலும் எடுங்கள். குரூப் பெர்மிஷன்ஸ் பகுதியில் புது உறுப்பினரை அட்மின் அனுமதித்த பிறகே சேர்க்கும் வசதி 2023 முதல் இருக்கிறது. அதை ஆன் செய்யுங்கள். பிறகு லிங்க் வழியாக யார் தட்டினாலும் உங்கள் அனுமதிக்காகக் காத்திருப்பார். உள்ளே விடும் முன் ஃபோன் செய்து பெயர், வீட்டு எண், சொந்தக்காரரா வாடகைக்காரரா என்று கேளுங்கள். வாரக்கணக்கில் குவியும் கோரிக்கைகளை மொத்தமாகச் சரி என்று தட்டிவிட்டால் இந்த வசதி இருந்தும் இல்லாததுதான். மற்ற உறுப்பினர்கள் தங்கள் இஷ்டத்துக்கு ஆட்களைச் சேர்க்கும் உரிமையையும் நிறுத்திவையுங்கள்.

பணம், தண்ணீர், பாதுகாப்பு பற்றிய அறிவிப்புகளுக்குத் தனிக் குரூப் வையுங்கள். அதில் அட்மின் மட்டும் எழுதட்டும். 2018 முதல் இருக்கும் வசதி இது, எத்தனை சங்கங்கள் பயன்படுத்துகின்றன? அரட்டைக் குரூப்பில் பணம் பற்றி ஒரு வார்த்தை வரக் கூடாது என்று முடிவெடுங்கள். அப்புறம் அங்கே க்யூஆர் கோடு வந்தாலே எல்லோருக்கும் சந்தேகம் வந்துவிடும். என்னைக் கேட்டால், இந்த ஒன்றைச் செய்தாலே பாதி ஆபத்து ஒழியும்.

காலி செய்துவிட்டுப் போன வாடகைக்காரர், பள்ளி மாறிய பிள்ளையின் பெற்றோர் எல்லாம் இன்னும் குரூப்பில் இருக்கிறார்களா? மனம் நோகாமல் சொல்லிவிட்டு எடுத்துவிடுங்கள். முகதாட்சண்யம் பார்த்தால் முடியாது. எஸ்எம்எஸ் குறியீட்டோடு ஒரு ரகசிய பின் நம்பரும் கேட்கும் டூ ஸ்டெப் வெரிஃபிகேஷனை அட்மின்கள் தங்கள் கணக்குக்குப் போட்டே தீர வேண்டும். அட்மினின் கணக்கே பறிபோனால் சாவிக்கொத்தே போன மாதிரி. எல்லோரையும் நீக்கிவிட்டு அவன் தன் ஆட்களை உட்காரவைப்பான்.

"குரூப்பில் யாரோ தப்பாகப் போட்டால் போலீஸ் என்னைப் பிடிக்குமாமே" என்று பயந்து அட்மின் பதவியே வேண்டாம் என்று ஓடுகிறவர்களும் உண்டு. ஓட வேண்டாம். மற்றவர் போட்ட செய்திக்காக, அட்மின் என்ற ஒரே காரணத்தால் ஒருவரைக் குற்றவாளி ஆக்க முடியாது என்று நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. 2021 மார்ச்சில் மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை, அதே வருடம் டிசம்பரில் நம் மதுரைக் கிளை, 2022 பிப்ரவரியில் கேரள உயர் நீதிமன்றம் என்று வரிசையாக அந்த நிலைப்பாடு வந்திருக்கிறது. தப்பாகப் போட்டவரோடு கூட்டுச் சேர்ந்திருந்தால் கதை வேறு. சட்டம் உங்களை விட்டுவிடும். பணத்தைப் பறிகொடுத்த பக்கத்து வீட்டுக்காரர் விடுவாரா? தினமும் லிஃப்டில் அவர் முகத்தில்தானே விழிக்க வேண்டும்!

இவ்வளவையும் மீறி நடந்துவிட்டால்?

முதலில் 1930. தேசிய சைபர் குற்ற உதவி எண். வேறு யாரிடமும் புலம்பும் முன், வீட்டில் யார் திட்டுவார்கள் என்று யோசிக்கும் முன், அழையுங்கள். சீக்கிரம் சொன்னால் பணம் அடுத்த கணக்குக்கு ஓடும் முன் நிறுத்திவைக்க வாய்ப்பு இருக்கிறது. விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்திலும் புகார் பதியலாம். வங்கிக்கும் சொல்லுங்கள். பணம் போன பரிமாற்றத்தின் 12 இலக்க எண் உங்கள் யுபிஐ ஆப்பிலேயே இருக்கும், அதைக் குறித்துவையுங்கள்.

அந்தக் குடியிருப்பில் பதற்றத்தில் ஒரு காரியம் செய்தார்கள். அட்மின் உடனே செய்தியை அழித்தார். அந்த நம்பரை வெளியேற்றினார். நல்ல எண்ணம்தான். ஆனால் புகார் கொடுக்கப் போனபோது அந்தச் செய்தி யார் கையிலும் இல்லை, க்யூஆர் கோடும் இல்லை. பணம் அனுப்பியவர்களின் ஃபோனில் இருந்த தனிச் செய்திகளை வைத்துத்தான் சமாளித்தார்கள். அழிக்கும் முன் ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். செய்தி, நேரம், முழு மொபைல் நம்பர், க்யூஆர் கோடு, சேர்ந்த தேதி காட்டும் அந்தச் சாம்பல் வரி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு பிறகு அழியுங்கள். அழித்ததோடு விடாதீர்கள். 'காலையில் வந்த க்யூஆர் போலி, யாரும் பணம் அனுப்பாதீர்கள், அனுப்பியவர்கள் உடனே 1930க்கு அழையுங்கள்' என்று குரூப்பில் போடுங்கள். வாட்ஸ்அப்பே பார்க்காத பெரியவர்கள் வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்லுங்கள். அவன் வேறு நம்பரில் அதே லிங்க் வழியாகத் திரும்ப வரலாம், ஆகவே லிங்க்கையும் அப்போதே ரீசெட் செய்யுங்கள்.

ஏபிகே ஃபைலைத் தொட்டுவிட்டீர்களா? உடனே ஃபோனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். வேறொரு ஃபோனிலிருந்து வங்கியை அழைத்து நெட் பேங்கிங்கையும் கார்டையும் நிறுத்தச் சொல்லுங்கள். அந்த ஆப்பை நீக்குவதெல்லாம் அப்புறம்.

ஒரு கசப்பான உண்மையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். உங்களுக்குத் தெரியாமல் கணக்கிலிருந்து பணம் போனால், குறித்த நாட்களுக்குள் வங்கியிடம் சொன்னால் இழப்பிலிருந்து பாதுகாக்க ரிசர்வ் வங்கியின் விதிகள் 2017 முதலே இருக்கின்றன. ஆனால் க்யூஆரை ஸ்கேன் செய்து, தொகை அடித்து, பின் நம்பர் போட்டு நீங்களே அனுப்பிய பணத்துக்கு அந்தப் பாதுகாப்பை எதிர்பார்க்க முடியாது. வங்கி 'நீங்கள்தானே அனுப்பினீர்கள்' என்றுதான் கேட்கும். ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றியவனுக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவில் மூன்று வருடம் வரை சிறை உண்டு. முதலில் அவன் அகப்பட வேண்டுமே.

ஆகவே இன்றைக்கு இரவு சாப்பாட்டுக் கடை முடிந்ததும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். அம்மா, அப்பா, மாமியார், மாமனார் எல்லோருடைய ஃபோனையும் கொண்டுவரச் சொல்லுங்கள். டூ ஸ்டெப் வெரிஃபிகேஷனை ஆன் செய்துகொடுங்கள். சங்கத்தின் பொறுப்பாளர்கள், வகுப்பாசிரியர், வேன் டிரைவர் எண்களைப் பெயரோடு சேமித்துக்கொடுங்கள். 1930ஐயும் சேமியுங்கள். உங்கள் குரூப் அட்மினுக்கு ஒரு ஃபோன் போட்டு, லிங்க்கை ரீசெட் செய்தாகிவிட்டதா என்று கேளுங்கள். இன்னும் இல்லை என்றால், அவர் செய்யும்வரை விடாமல் கேளுங்கள்.